டாக்டர் உட்கார்ந்துவிட்டார்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர் மிஸ் அருளம்பலம், அவருக்குக் கீழே பயிற்சியில் இருந்த மூன்று இளம் டாக்டர்கள், ஆண்கள் வார்டின் சிஸ்டர், பிறகு நான். வராதவர் என் கணவர். அவர் இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மீசை வைத்திருந்தேன். சிஸ்டர் கொடுத்த வெள்ளைத் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று டாக்டர்களில் ஒருவர் என் முன்னால் வந்து, என் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். நான் அழ வேண்டும். டாக்டர் அப்போது என்ன செய்கிறார் என்று மிஸ் அருளம்பலம் பார்ப்பார். அதுதான் பாடம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், சிங்கப்பூரில் பூன் லே பகுதியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நான்காவது மாடியில் குடியிருக்கும் ஒரு பெண். இந்த வருடம்தான் டாக்டராகியிருக்கிறாள். நோயாளியின் குடும்பத்துக்குத் துக்கச் செய்தி சொல்வது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். குடும்பத்தாராக நடிக்க ஆட்களைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வருகிறார்களாம். “உங்க காலத்துல இதெல்லாம் எங்க இருந்துச்சு அங்கிள்” என்று மின்தூக்கியில் கேட்டாள். அந்த வேலையை ஐம்பதுகளின் கடைசியில் நானே பார்த்திருக்கிறேன், அதுவும் சம்பளம் இல்லாமல் என்றேன். அவள் நம்பவில்லை. மின்தூக்கி நான்காவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதையும் இல்லை.

நான் அப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளன். என் அப்பா நகராட்சியில் சாக்கடை வெட்டும் வேலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த நகராட்சிக் குடியிருப்பில் ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேர். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறியதும் எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை கிடைத்தது. அதை அம்மா தோய்த்துக் காயப்போடும்போது கொடியில் பக்கத்தில் வேறு துணி வைக்க விடமாட்டார். வேலையில் எனக்குக் கொடுத்த பயிற்சி ஒரே நாள்தான். டாக்டர் சொல்வதைச் சொல், நோயாளி சொல்வதைச் சொல், நடுவில் நீயாக ஒன்றும் சொல்லாதே. முடிந்தது.

அந்தக் காலத்தில் சாவுச் செய்தி சொல்லும் விதம் இப்படி. டாக்டர் வராந்தாவில் நின்றபடியே, ஒரு கை கதவில் இருக்க, ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்துவிடுவார். குடும்பமும் நானும்தான் மிச்சம். அவர்கள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அதனால்தான் அந்த வெள்ளைச் சட்டையை வாரம் நான்கு முறை துவைக்க வேண்டியிருந்தது.

இதை மாற்றியது டாக்டர் லிம்மின் சிரிப்பு.

டாக்டர் லிம் நல்ல பிள்ளை. ஒல்லி, நல்ல உயரம். அப்பா கருவாட்டுக் கடைக்காரர். அவர் வீட்டிலும் அவர்தான் முதல் படிப்பு. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் பயந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சத்தமான சிரிப்பு இல்லை. வாய் தானாக அகன்றுவிடும், பல் தெரியும். ஒரு பஸ் கண்டக்டர் இறந்தபோது அவருடைய மகனிடம் அப்படிச் சிரித்துக்கொண்டே செய்தியைச் சொல்லிவிட்டார். மகன் டாக்டரின் காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். புகார் மேலே போயிற்று. ஆஸ்பத்திரியின் மேலதிகாரி ஒரு வெள்ளைக்காரர். இந்த ஆளை இனி நோயாளிகள் பக்கமே விடாதீர்கள், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

மிஸ் அருளம்பலம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்தான் எங்கள் வார்டின் பெரிய டாக்டர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கையில் எந்நேரமும் ஒரு குடை. மழைக்காக இல்லை, சுட்டிக்காட்டுவதற்கு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால், சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்டு நடுங்காத இளம் டாக்டர் எங்கள் வார்டில் கிடையாது.

லிம்முடைய பயிற்சிக் காலம் முடிவதற்குள் அவன் ஒரு குடும்பத்துக்குச் சாவுச் செய்தியை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், சொன்னால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் போடமாட்டேன் என்றார். அந்தக் கையெழுத்து இல்லாமல் டாக்டராகப் பதிந்துகொள்ள முடியாது. கருவாட்டுக் கடைக்காரர் மகனுக்காகப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்ததாகக் கேள்வி.

இப்படித்தான் சனிக்கிழமை மத்தியானங்களில், துணி தைக்கும் பழைய அறையில், நான் விதவையானேன்.

மிஸ் அருளம்பலத்தின் முறை எளிது. வகுப்பு தொடங்குமுன் மூவரின் கைக்கடிகாரங்களையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார். சாவுச் செய்தி சொல்கிறவன் மணி பார்க்கக் கூடாது. உள்ளே வருமுன் வாசலில் நின்று இறந்தவரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘பெட் பதினேழு’ என்று யாருக்கும் பெயர் வைப்பதில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்துப் பைக்குள் போட வேண்டும். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கேட்பவருடைய முழங்காலுக்கு எதிரே தன் முழங்கால் வருமாறு உட்கார வேண்டும். இரண்டாவது வாக்கியத்துக்குள் ‘இறந்துவிட்டார்’ வந்துவிட வேண்டும். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிதான் மூவருக்கும் பெரும்பாடாக இருந்தது. ஐந்து வருடம் படித்தவர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

என் அழுகையும் முதல் நாள் தேறவில்லை.

“கோவிந்தசாமி, நீர் சினிமாவிலை அழுற மாதிரி அழுறீர்” என்றார் மிஸ் அருளம்பலம். “வீட்டிலை அழுற மாதிரி அழும்.”

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே யோசித்தார். “எடுத்த உடனே சத்தம் வராதுடா. வாய் தொறக்கும், ஒண்ணும் வராது. அப்புறம்தான் வரும்.” செய்தும் காட்டினார். அப்பா பாயில் படுத்தபடியே, “அழுறதுக்கா இவ்வளவு காசு போட்டுப் படிக்க வச்சேன்? படிக்காமலே நான் சொல்லிக் குடுத்திருப்பேனே” என்றார்.

பயிற்சிக்கு ஒதுக்குப்புறமான இடம் எங்கள் குடியிருப்பில் குளியலறை ஒன்றுதான். குழாயைத் திறந்துவிட்டு மூன்று நாள் பழகினேன். நான்காம் நாள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா அம்மாவைத் தனியே அழைத்து, பையன் மனசில் எவளோ இருக்கிறாள், சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வையுங்கள் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

என் அழுகை தேறியது. டாக்டர் லிம்முடைய சிரிப்புத்தான் தேறவில்லை. நான் எவ்வளவு நன்றாக அழுதேனோ அவ்வளவு அகலமாக அவர் வாய் போயிற்று. கடைசியில் மிஸ் அருளம்பலம் தன் பையிலிருந்து காரமான பெப்பர்மின்ட் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தார். கன்னத்தில் அடக்கிக்கொள், சிரிப்பு வரும்போது கடி என்றார். கடித்தார். வாய் சுருங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, இது போதும் என்று.

வார்டிலும் அது பலித்தது. அடுத்தடுத்து வந்த சில சாவுகளில் டாக்டர் லிம் போய் உட்கார்ந்தார், சொன்னார், பெப்பர்மின்ட்டைக் கடித்தார். டாக்டரே கண் கலங்கிவிட்டார் என்று அந்தக் குடும்பங்கள் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போயின. என் சட்டைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. மிஸ் அருளம்பலம் மட்டும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏதோ ஒன்று சரியாயில்லை, என்னவென்று தெரியவில்லை என்றார்.

என்னவென்று வார்டுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வார்டில் இருந்தது ஒரே ஒரு முக்காலி. சிவப்புச் சாயம் அடித்தது, சிஸ்டரின் மேசையடியில் கிடக்கும். டாக்டர் ஒரு குடும்பத்தோடு உட்கார வேண்டுமென்றால், சிப்பந்தி அகமது அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பார். இரண்டு வாரத்தில் நோயாளிகள் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஆயுசுக்கும் நின்றுகொண்டே பேசுகிற டாக்டர்கள், ஆள் போய்விட்டால் மட்டும்தான் உட்காருகிறார்கள். அதன் பிறகு சிவப்பு முக்காலி மேசையடியை விட்டுக் கிளம்பினால் வார்டு முழுக்க மூச்சு நின்றுவிடும். ஜன்னலோரத்துச் சீனக் கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். மலாய்க்காரர் ஒருவர் வாய்க்குள் ஓதுவார். நம் ஆட்கள், “அகமது, இந்தப் பக்கம் வராதே லா, அப்படியே போயிடு” என்பார்கள். தன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவதற்காக அகமதுவுக்கு சிகரெட் கொடுத்தவர்களும் உண்டு. அகமது அதை மறுத்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த நேரத்தில்தான் கிராஞ்சியிலிருந்து வீராசாமி வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். இருதயம் சரியில்லை, கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். மனைவி மாரியாயி தினமும் தோட்டத்து லாரியில் ஏறி, பாதி வழியில் பஸ் பிடித்து, தூக்குப் பாத்திரத்தோடு வந்துவிடுவார். வீராசாமியின் அண்ணன் பெரியசாமி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். மூன்று வாரத்தில் ஊசி வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று மிஸ் அருளம்பலம் சொல்லிவிட்டார். அதைக் குடும்பத்துக்குச் சொல்லும் சந்தோஷமான வேலை டாக்டர் லிம்முக்கு.

நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். டாக்டர் லிம் அன்று புதுச் சப்பாத்து போட்டிருந்தார். மகன் டாக்டராகப் போகிறான் என்று அப்பா வாங்கிக் கொடுத்தது. ஒரு அளவு சின்னது, அதை அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை. காலையிலிருந்து நின்று நின்று குதிகால் தோல் உரிந்துவிட்டது. வீராசாமியின் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். உள்ளே அவர் மலப்பாத்திரத்தில் உட்கார்ந்திருந்தார். திரைக்கு வெளியே பெஞ்சில் மாரியாயியும் பெரியசாமியும். டாக்டர் லிம் நொண்டிக்கொண்டே வந்தார். அகமதுவைப் பார்த்துக் கையசைத்தார். சிவப்பு முக்காலி கிளம்பியது. பழக்க தோஷத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். மாரியாயியின் முழங்காலுக்கு எதிரே தன் முழங்கால் வருமாறு உட்கார்ந்தார். கால் வலி நின்ற சுகத்தில் ஒரு பெருமூச்சு விட்டார். “அம்மா,” என்று தமிழில் தொடங்கினார், “வீராசாமி...”

மாரியாயி முக்காலியைப் பார்த்தார். போட்டிருந்த திரையைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அங்கே இருந்தவர்களில் அம்மாவிடம் பாடம் கேட்டவன் நான் ஒருவன்தான். ஐயோ என்று நான் எழுவதற்குள் சத்தம் வந்துவிட்டது. வார்டின் கடைசிக் கட்டில் வரை எழுந்து உட்கார்ந்தது. மாரியாயி கட்டில் கம்பியில் இரண்டு கையையும் ஓங்கி அடித்தார். கண்ணாடி வளையல் அத்தனையும் தூள். பெரியசாமி அதற்குள் மாடிப்படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். டாக்டர் லிம் பயத்தில் உறைந்தார். நல்ல செய்திதானே என்று அன்று பெப்பர்மின்ட் போடவில்லை. வாய் அகன்றது. பல் தெரிந்தது.

“சிரிக்கிறியா நீ?” என்று மாரியாயி எழுந்தார்.

திரைக்குள்ளேயிருந்து ஒரு குரல். “யாருடி செத்தது? இங்க ஒருத்தன் நிம்மதியா உட்கார முடியல.”

மாரியாயியைச் சமாதானப்படுத்தி, வீராசாமியைக் காட்டி, அவர் காலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, வளையல் துண்டுகளைப் பெருக்கி முடித்தோம். பெரியசாமியை மறந்துவிட்டோம். அவர் காரியவாதி. சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் பறையடிக்கிறவர்களைப் பிடித்து, மாலை வாங்கி, ஒரு லாரியையும் பேசிக்கொண்டு வந்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் பறைச் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் போய் நின்ற வீராசாமி கீழே பார்த்து, “யாருக்குண்ணே?” என்று கேட்டார்.

பெரியசாமி அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த மாலையைப் பார்த்தார். “உனக்குத்தான்டா” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

பறையடிக்கிறவர்கள் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தருவது வழக்கம் இல்லை என்றார்கள். வேண்டுமானால் சாவு அடிக்குப் பதிலாகக் கல்யாண அடி அடித்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். அடித்தார்கள். நல்ல அடி. வார்டில் ஒரு கால் கட்டுப் போட்டவர் கட்டிலிலேயே தோளை ஆட்டினார். நாங்கள் கீழே இறங்கி வந்த அந்த நேரத்தில்தான் மேலதிகாரி வெளியே வந்தார். என்ன இது என்று மிஸ் அருளம்பலத்தைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியது என் வேலை. நான் பெரியசாமியை விசாரித்தேன். பெரியசாமி விசும்பலுக்கு நடுவே, என் தம்பி உயிரோடு இருக்கிறான், இந்த ஆஸ்பத்திரி நல்லாயிருக்கணும் என்றார். நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மேலதிகாரிக்கு முகம் மலர்ந்தது. மாலையைக் காட்டி, இது எனக்கா என்றார். வேறு வழியில்லாமல் பெரியசாமி போட்டுவிட்டார். சாவு மாலையோடு அவர் அலுவலகத்துக்குள் திரும்பிப் போனதை நாங்கள் மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

மேலே போனதும் மிஸ் அருளம்பலம், சாப்பிட்டாயா என்று டாக்டர் லிம்மைக் கேட்டார். அவ்வளவுதான். டாக்டர் லிம் கையெழுத்தை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் இறக்கிவிட்டார் மிஸ் அருளம்பலம். பிறகு சொன்னார்:

“அந்தப் பொடியன் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேல்லை, கோவிந்தசாமி. முக்காலிதான் சொல்லிக்கொண்டிருந்தது.”

அடுத்த வாரமே ஜாலான் புசாரில் ஒரு தச்சரிடம் பன்னிரண்டு முக்காலி செய்யச் சொன்னார். முதலில் ஆஸ்பத்திரிக் கிடங்கில்தான் கேட்டுப் பார்த்திருந்தார். வார்டில் டாக்டர் உட்காருவதற்கு விதி இல்லை என்றார்கள். இனிமேல் எல்லாவற்றுக்கும் உட்கார வேண்டும் என்பது மிஸ் அருளம்பலத்தின் புது உத்தரவு. பசி எப்படி, தூக்கம் எப்படி, வயிறு போயிற்றா, எதைக் கேட்பதானாலும் உட்கார். பன்னிரண்டு முக்காலியும் ஒரே லாரியில் வந்து வார்டுக்குள் வரிசையாக நுழைந்த காலையை மறக்க முடியாது. ஜன்னலோரத்துச் சீனக் கிழவர் அன்றே தனக்கு உடம்பு சரியாகிவிட்டதாக அறிவித்தார். இன்னும் இரண்டு பேர் பெயர் வெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு மாதம் ஆயிற்று, முக்காலி வெறும் முக்காலியாக.

இதற்கு நடுவில் வளையல். கணவன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் வளையலை உடைத்துக்கொண்டது டாக்டர் லிம்மை மிகவும் வாட்டியது. தானே வாங்கிக் கொடுப்பேன் என்றார். வேற்று ஆண் வளையல் வாங்கிக் கொடுப்பது முறையில்லை என்று நான் இழுத்தேன். அம்மாவைக் கேட்டேன். கூடப்பிறந்தவன் முறையில் கொடுத்தால் தப்பில்லை என்றார் அம்மா. டாக்டரும் நானும் சிராங்கூன் ரோட்டு வளையல் கடையில் போய் நின்றோம். அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டார். டாக்டர் லிம் தன் விரல்களைக் குவித்துக் காட்டினார். அன்று மாரியாயியின் நாடி பிடித்துப் பார்த்த கை அளவு சொல்லிவிட்டது. திரும்பினால் அஞ்சலை அக்கா. என்னைக் கையில் வளையல் பொட்டலத்தோடு பார்த்தவர் வேகமாக எங்கள் குடியிருப்பை நோக்கி நடந்தார்.

மாரியாயி வளையலைப் போட்டுக்கொண்டார். தனக்கு ஓர் அண்ணன் தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பதாகவும், பதினாறு வருடமாக முகம் பார்க்கவில்லை என்றும் டாக்டரிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

வீராசாமி வீடு திரும்பினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை ஊசி கேட்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை, மாரியாயி லாரியில் வந்துகொண்டிருந்த நேரத்தில், இருதயம் நின்றுவிட்டது. டாக்டர் லிம்தான் கூட இருந்தார்.

மாரியாயி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இருந்தது. வார்டில் அன்று நான்கைந்து திரைகள் இருந்தன. டாக்டர் லிம் வார்டு வாசலில் நின்று, “வீராசாமி” என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். வாயிலிருந்த பெப்பர்மின்ட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார். ஒரு முக்காலியை இழுத்து மாரியாயியின் எதிரே உட்கார்ந்தார். இன்னொன்றில் நான்.

மாரியாயி கொஞ்சமும் கலங்கவில்லை. டாக்டர் தினமும்தான் உட்காருகிறார். தூக்குப் பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அடை வைத்த கோழி ஏழு குஞ்சு பொரித்ததைச் சொன்னார். அவருக்குக் கஞ்சியில் உப்பே போடவில்லை, டாக்டரிடம் சொல் என்றார். நான் சொன்னேன். தூங்குகிறாரா என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

முக்காலி வாயைத் திறக்கவில்லை. இனி டாக்டர்தான் திறக்க வேண்டும்.

டாக்டர் லிம் என்னைப் பார்க்கவில்லை. வகுப்பில் விதவையாக இருந்த என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்த தமிழ் வாக்கியத்தை, முதல்முறையாக, நிஜமான ஒரு பெண்ணிடம் சொன்னார். “அம்மா, வீராசாமி இறந்துட்டார். காலையில. நான் பக்கத்துல இருந்தேன்.”

சொல்லி முடித்ததும் வந்தது அந்தச் சிரிப்பு. மறைக்க ஒன்றும் இல்லை. கன்னம் நடுங்க, பல் தெரிய, கண்ணில் பெப்பர்மின்ட் இல்லாத தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடவில்லை.

மாரியாயி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். “உங்க மூஞ்சி அப்படித்தான்னு எனக்குத் தெரியும் டாக்டர்” என்றார். பிறகுதான் அவர் வாய் திறந்தது. சத்தம் வர நேரமாயிற்று. வந்தபோது டாக்டர் லிம்மின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் சட்டையைத் தேடவில்லை.

அழுகைக்கு நடுவே, கஞ்சி குடித்தாரா என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை, வேண்டாம் என்றுவிட்டார், லாரி எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார் என்றார் டாக்டர். அதை அப்படியே தமிழில் சொன்னேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. டாக்டர் லிம்மும் பேசவில்லை. ஐந்து வருடப் படிப்பும் அன்றுதான் அடங்கியது.

கடைசியில் மாரியாயி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். “போன தடவை நீங்க சொல்றதுக்கு முன்னாடியே உடைச்சுட்டேன். இப்ப என் கையால உடைக்க மாட்டேன். நீங்க வாங்கிக் குடுத்தது.”

அன்று மத்தியானம் மிஸ் அருளம்பலம் டாக்டர் லிம்மைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். மிஸ் அருளம்பலம் தன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ஒரு முக்காலியை இழுத்து, டாக்டர் லிம்மின் முழங்காலுக்கு எதிரே தன் முழங்கால் வருமாறு உட்கார்ந்தார். டாக்டர் லிம்முக்கு ரத்தம் சுண்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். மிஸ் அருளம்பலம் அவரை நன்றாக வாடவிட்டு, பேனாவைத் திறந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

வெளியே பெரியசாமி காத்திருந்தார். என்னைத் தனியே அழைத்துச் சென்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கணவன் இறந்தால் மனைவிக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும்; அவளுடைய அண்ணனோ தஞ்சாவூரில். கோடி இல்லாமல் பொணத்தை எடுத்தால் நாளைக்கு அவளை நாதியத்தவள் என்பார்கள். “வளையல் குடுத்தாரே அந்த டாக்டர்... கேக்கலாமா தம்பி?”

நான் மொழிபெயர்த்தேன். அது என்ன, என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் லிம் கேட்டார். ஒரு புதுச் சேலை, அண்ணன் கையால் என்றேன். எந்த நிறம் என்று மட்டும் கேட்டார்.

மிஸ் அருளம்பலம் குடையை எடுத்தார். “இது பாடத்திலை இல்லையே” என்று என்னிடம் சொன்னபடி காருக்கு நடந்தார். சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையில் சேலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். பிறகு கிராஞ்சிக்கு அவரே காரை ஓட்டினார். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கு முன்னால் சனம் விலகி வழிவிட, கருவாட்டுக் கடைக்காரர் மகன் இரண்டு கையாலும் சேலையை ஏந்திக்கொண்டு, கடிக்கும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது மிஸ் அருளம்பலம் காரிலேயே கணக்கு முடித்தார். ஆஸ்பத்திரி ஒரு காசும் தராது, மூன்று பேரும் பங்கு போடுவோம் என்றார். எனக்குச் சம்பளம் குறைவு என்பதால் பெப்பர்மின்ட் மட்டும் என் பங்கு. ஒரு டாக்டருக்குத் துக்கத்தின் எதிரே உட்காரக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஆன செலவு, பன்னிரண்டு முக்காலி, பெப்பர்மின்ட், ஒரு டஜன் கண்ணாடி வளையல், ஒரு கோடிச் சேலை, ஆக மொத்தம் நாற்பத்திரண்டு வெள்ளி இருபது காசு.